ஹாங்சோவின் லியூஹே கோபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லியூஹே கோபுரம் எங்கே இருக்கிறது?

சீனாவின் சேஜியாங் மாநிலத் தலைநகரான ஹாங்சோவில், சியான்தாங் ஆற்றின் வடகரையில், யுவேலுன் குன்றின் சரிவில் நிற்கிறது. புகழ்பெற்ற மேற்கு ஏரிக்குத் தெற்கே. எண்கோண வடிவம், உயரம் 59.89 மீட்டர். 1961-இல் சீன அரசு வெளியிட்ட தேசியப் பாதுகாப்புச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது.

'பகோடா' என்று உலகம் சொல்வதைச் சீனர்கள் 'தா' என்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன தூபிதான் சீன மண்ணில் மாடிக் கட்டடமாக வளர்ந்து 'தா' ஆனது. இந்தப் பக்கத்தில் கோபுரம் என்றே எழுதுகிறோம். ஆனால் நம் ஊர்க் கோயில் வாசல் கோபுரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது தனியாக நிற்கும், உள்ளே ஏறிப் போகக்கூடிய கட்டடம்.

'லியூஹே' என்றால் என்ன?

'லியூ' என்றால் ஆறு என்ற எண், 'ஹே' என்றால் இணக்கம்: ஆறு இணக்கங்கள். பௌத்தத் துறவிகள் ஒரே மடத்தில் சேர்ந்து வாழ வகுத்துக்கொண்ட ஆறு ஒழுங்குகளை இது குறிக்கிறது. உடலால் இணங்கிச் சேர்ந்து வாழ்வது, சொல்லால் சண்டையிடாமல் இருப்பது, மனத்தால் மகிழ்ந்திருப்பது, ஒரே விதிகளைக் காப்பது, கொள்கையில் ஒத்திருப்பது, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வது. வானம், பூமி, நான்கு திசை ஆகிய ஆறும் இணங்கியிருப்பது என்றும் பொருள் சொல்வதுண்டு. கோபுரத்தைக் கட்டியவர்கள் பௌத்தத் துறவிகள் என்பதால் முதல் விளக்கமே அதிகம் பொருந்துகிறது.

ஆற்றங்கரையில் எதற்காகக் கட்டினார்கள்?

ஆற்றை அடக்கத்தான். சியான்தாங் ஆறு கடலில் கலக்கும் இடம் வழியாகக் கடலோதம் (கடல்நீர் ஏற்றம்) ஆற்றுக்குள் எதிர்த்து ஏறி வரும். ஆறு ஒரு பக்கம் ஓட, அதன் மேலே நீர்ச்சுவர் ஒன்று எதிர்ப்பக்கமாக ஓடிவரும். கரை இடியும், படகு கவிழும், உப்புநீர் வயலில் புகும்.

10-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை வூயுவே என்ற சிறிய அரசு ஆண்டது. அதன் முதல் மன்னர் சியான் லியூ 910-இல் பெரிய கரைச்சுவர் ஒன்றைக் கட்டினார். வேலை நடக்கையில் அலை ஓயாததால் வில்லாளிகளை நிறுத்தி அலையின் மேல் அம்பெய்யச் சொன்னார் என்ற கதை இன்றும் ஹாங்சோவில் எல்லோருக்கும் தெரியும். அம்பு கதை. சுவர் உண்மை: மூங்கில் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கி, முன்னால் பெரிய மரத் தூண்களை வரிசையாக அறைந்து நிறுத்தினார்கள்.

அந்த அரச குலத்தின் கடைசி மன்னர் சியான் சூ. பக்தி மிகுந்த பௌத்தர். 970-இல் ஆற்றோரம் இருந்த தம் பழத்தோட்டத்தைக் கொடுத்து, யான்ஷோ, சான்நிங் ஆகிய துறவிகளின் பொறுப்பில் இந்தக் கோபுரத்தை எழுப்பச் செய்தார். யான்ஷோ சீன பௌத்தத்தின் பெரும் ஆசான்களில் ஒருவர். எட்டு ஆண்டுகளில், 978-இல், சியான் சூ போரின்றித் தம் நாட்டைச் சோங் பேரரசிடம் ஒப்படைத்தார். நாடு போனாலும் கோபுரம் நின்றது.

அந்த அலை எப்படி எழுகிறது?

காரணம் கடற்கழியின் வடிவம். ஹாங்சோ விரிகுடாவின் வாய் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம். உள்ளே வர வர அது புனல் போலக் குறுகுகிறது. யான்குவான் என்ற ஊருக்கு வரும்போது சுமார் 3 கிலோமீட்டர்தான். அகலமான வாயில் நுழைந்த ஓதநீர் பக்கவாட்டில் போக இடமில்லாமல் உயர்கிறது.

இன்னொன்று ஆற்றின் அடித்தளம். வண்டலும் நுண்மணலும் சேர்ந்து பெரிய மணல்திட்டாக ஆற்றடியில் கிடக்கின்றன. ஆழம் குறைந்தால் அலையின் வேகம் குறையும். முன்னால் போகும் நீர் மெதுவாக, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. அப்படித்தான் சரிவாக இருந்த ஓதம் செங்குத்துச் சுவராகிறது.

தினமும் இருமுறை ஓதம் ஏறினாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் பெரிதாக வரும். சீன நாட்காட்டியில் எட்டாம் மாதம் 18-ஆம் நாள் உச்சம். நம் கணக்கில் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். பௌர்ணமி 15-இல் இருக்க, உச்சம் ஏன் 18-இல்? நிலவின் இழுப்பு உச்சத்தைத் தொட்டபின், கடல்நீர் அதற்கு முழுதாக அசைந்துகொடுக்க ஓரிரு நாள் பிடிக்கிறது.

கோபுரம் அலையை அடக்கியதா?

இல்லை. அலை இன்றும் வருகிறது. கரையைக் காத்தது தலைமுறை தலைமுறையாகக் கட்டி, இடிந்து, மீண்டும் கட்டிய கற்சுவர்கள். ஆனால் கோபுரத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. உச்சியில் விளக்கேற்றி வைத்தார்கள். இரவில் ஆற்றில் வரும் படகுகளுக்கு அது வழிகாட்டியது. கரை எங்கே, நீர் எங்கே என்று தெரியாத வண்டல் ஆற்றில், உயரத்தில் ஓர் ஒளி எவ்வளவு பெரிய உதவி என்பதைப் படகோட்டிகள்தான் அறிவார்கள்.

இப்போது நிற்பது 970-இல் கட்டியதா?

அல்ல. இந்தக் கோபுரத்தைப் புரிந்துகொள்ள ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நிற்பது ஒரு கட்டடமல்ல, இரண்டு. உள்ளே இருக்கும் செங்கல் உடல் 12-ஆம் நூற்றாண்டுக்குரியது. வெளியே தெரியும் மரமும் ஓடும் 1900-இல் போர்த்திய சட்டை.

முதல் கோபுரம் 1121-இல் போனது. ஃபாங் லா என்பவர் தலைமையில் எழுந்த விவசாயக் கிளர்ச்சி ஹாங்சோ வரை பரவியபோது எரிந்து அழிந்தது. அதற்குச் சில ஆண்டுகளில் சோங் பேரரசு வடக்கை இழந்து தெற்கே ஒதுங்கியது. 1138 முதல் ஹாங்சோவே, லின்ஆன் என்ற பெயரில், தலைநகரம். தலைநகரின் வாசலில் ஓடும் ஆறு கரையைத் தின்றுகொண்டிருந்தால் அரசவை எப்படிச் சும்மா இருக்கும்? கோபுரத்தை மீண்டும் எழுப்ப முடிவாயிற்று. ஜிதான் என்ற துறவி பொறுப்பேற்று, நன்கொடை திரட்டி, 1153-இல் வேலையைத் தொடங்கினார். முடிய ஏறக்குறைய பத்து ஆண்டு ஆனது. அவர் கட்டிய ஏழு நிலைச் செங்கல் உடல்தான் இன்றும் உள்ளே நிற்கிறது.

அதன்பின் வெளி மரவேலை மட்டும் மீண்டும் மீண்டும் அழிந்தது. மிங் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், கடற்கொள்ளையர் வைத்த தீயில் எரிந்தது. சூஹோங் என்ற துறவி பழுதுபார்த்தார். சிங் காலத்தில் 1735-இல் யோங்செங் பேரரசர் ஆணையிட்டுச் செப்பனிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், சிங் ஆட்சியை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சிப் போர்க்காலத்தில் மறுபடியும் மரம் முழுதும் போய், செங்கல் தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. ஹாங்சோக்காரரான சூ சி என்ற ஓய்வுபெற்ற உயர் அதிகாரியின் நிதியில் இப்போதைய 13 அடுக்கு மர வெளிப்புறம் 1900-இல் முடிந்தது.

வெளியே 13 அடுக்கு தெரிகிறது, உள்ளே ஏறினால் 7 நிலைதான். ஏன்?

வருகிறவர்களில் பாதிப்பேர் எண்ணிக்கையில் தடுமாறும் இடம் இது. உள்ளூரில் இதற்கு ஒரு தொடரே உண்டு: 'ஏழு வெளிச்சம், ஆறு இருட்டு'.

செங்கல் உடலில் ஏழு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் நேராக வெளியே ஓர் அடுக்கு. அந்த ஏழு அடுக்குகளுக்கு உள்ளிருந்து வாசல் வழியே போய் நின்று ஆற்றைப் பார்க்கலாம். அவை 'வெளிச்சம்'. இரண்டு நிலைகளுக்கு நடுவே, செங்கல் சுவரில் வாசலே இல்லாத உயரத்தில், மரச்சட்டம் மட்டும் இன்னோர் அடுக்காகவும் இறவாணமாகவும் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பாகவும்) வெளியே நீள்கிறது. இப்படி ஆறு. உள்ளே இவற்றுக்குத் தளம் இல்லை, மூடியவை. அவை 'இருட்டு'. ஏழும் ஆறும் பதின்மூன்று.

சீனக் கோபுரங்களில் நிலைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருக்கும்: 7, 9, 13. பக்கங்கள் இரட்டைப்படை: 4, 8. எனவே 7-ஐ மறைத்து 13-ஐக் காட்டியவர்கள் அந்த மரபை மீறவில்லை. ஏழு நிலைக்குத் தனி மதிப்பும் உண்டு. 'ஓர் உயிரைக் காப்பது ஏழு நிலைக் கோபுரம் எழுப்புவதினும் மேல்' என்பது சீனத்தில் அன்றாடம் புழங்கும் பழமொழி.

உள்ளே எப்படி அமைத்திருக்கிறார்கள்?

வெளியிலிருந்து நடுவுக்குப் போகும் ஒருவரைப் போல நினைத்துப் பாருங்கள். முதலில் வெளிச்சுவர். அதன் கனம் 4.12 மீட்டர். எனவே வாசலைத் தாண்டியதும் அறை வந்துவிடாது. சுவரின் கனத்துக்குள்ளேயே நாலு மீட்டர் நடக்க வேண்டும். அந்த இடைவழியின் இருபுறமும் மாடக்குழிகள். அவற்றின் அடியில் செதுக்கிய செங்கல் பீடம்.

இடைவழி முடிந்தால் சுற்று நடை. கோயில் பிராகாரம் போல உள்சுவரைச் சுற்றி வரும் நடை இது. மேலே போகும் படிக்கட்டு இந்த நடையில்தான் அமைந்திருக்கிறது.

அடுத்து உள்சுவர். இதன் கனம் 4.20 மீட்டர், வெளிச்சுவரைவிடச் சற்று அதிகம். எட்டுப் பக்கங்களில் நான்கில் வாசல், நான்கில் மாடக்குழி, ஒன்றுவிட்டு ஒன்றாக. இதையும் கடந்தால் நடுவில் ஒரு சிறிய அறை. புத்தர் படிமம் வைத்து வணங்கக் கட்டியது. சுவரும் வாசலும் செங்கல்தான்; ஆனால் மரத்தூண், மர உத்திரம், மரப் போதிகை போலவே செங்கல்லை வெட்டி இழைத்திருக்கிறார்கள்.

ஆக, ஒரு கனத்த குழாய்க்குள் இன்னொரு கனத்த குழாய். இரண்டையும் தளங்கள் நிலைக்கு நிலை இறுக்கிப் பிடிக்கின்றன. ஒற்றைச் சுவரை மட்டும் உயரமாக எழுப்பினால் காற்றுக்கும் நிலஅதிர்வுக்கும் நடுவில் வளையப் பார்க்கும். இரட்டைச் சுவர் அதைத் தாங்கும். வெளிமரம் பலமுறை எரிந்தும் செங்கல் உடல் எட்டு நூற்றாண்டுக்கு மேல் அசையாமல் நிற்க இந்த அமைப்பே முதற்காரணம்.

இன்னொரு விலைமதிப்பற்ற பொருளும் உள்ளே இருக்கிறது. உள்சுவர் மாடங்களில் 'நாற்பத்திரண்டு பகுதிச் சூத்திரம்' பொறித்த கற்பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் போய் முதன்முதலில் மொழிபெயர்க்கப்பட்டது என்று மரபு சொல்லும் பௌத்த நூல் இது.

ஏன் எண்கோணம்?

சோங்குக்கு முந்தைய தாங் காலத்தில் கோபுரங்கள் பெரும்பாலும் சதுரம். சியானில் 652-இல் எழுப்பிய பெரிய காட்டு வாத்துக் கோபுரம் அதற்கு நல்ல சான்று. 10-ஆம் நூற்றாண்டிலிருந்து எண்கோணம் பரவியது. சதுரத்தின் கூர்மூலை நிலஅதிர்வில் முதலில் விண்டுபோகும். எண்கோணத்தின் மூலை விரிந்த கோணம் என்பதால் சுமை சீராக இறங்கும். காற்றும் தட்டையான முகத்தில் முழுவிசையோடு மோதாமல் வழுக்கிப் போகும். எட்டுத் திசையிலும் பார்வை கிடைப்பது கூடுதல் வசதி.

எட்டு மூலை, 13 இறவாணம். மூலைக்கு ஓர் இரும்பு மணி தொங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் 104 மணிகள்.

செங்கல் சிற்பங்களில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

மாடக்குழிகளின் அடிப்பீடத்தைக் குனிந்து பாருங்கள். பலர் படியேறும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் கோபுரத்தின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். இந்தப் பீடத்துக்குச் சீனத்தில் சுமேரு பீடம் என்று பெயர். சுமேரு என்பது நாம் மேரு என்று சொல்லும் அதே மலை. நடுவில் ஒடுங்கி மேலும் கீழும் விரிந்திருக்கும் அமைப்பு, கோயில் அதிட்டானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும்.

நடு ஒடுக்கத்தில்தான் சிற்பங்கள். மாதுளை, தாமரை, மயில், கிளி, தீப்பறவை, சிங்கம், சீனப் புராண விலங்கான சிலின், பறக்கும் தேவமகளிர். மனித முகமும் பறவை உடலுமாக இருப்பது கலவிங்கம் என்ற சொர்க்கப் பறவை. இதுவும் இந்திய பௌத்தத்திலிருந்து போனதுதான்.

1103-இல் சோங் அரசு கட்டடக் கலைக்கு ஒரு விதிநூல் வெளியிட்டது. மரவேலை, கல்வேலை, செங்கல்வேலை, வண்ணம், கூலிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. அந்த நூலின் அலங்கார வடிவங்களை ஒத்த பல வடிவங்களை இங்கே செங்கல்லில் பார்க்கலாம். ஏட்டில் வரைந்திருப்பது அதே நூற்றாண்டின் கட்டடத்தில் கிடைப்பது அரிது. அதனால்தான் கட்டடக்கலை மாணவர்கள் இந்தப் பீடங்களை அளந்து வரைய வருகிறார்கள்.

ஒவ்வொரு நிலையிலும் எழுத்துப் பலகை இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது?

சிங் பேரரசர் சியான்லோங் 1751-இல் தெற்குப் பயணமாக ஹாங்சோ வந்தபோது இங்கே ஏறினார். கோபுரம் அவருக்கு மிகவும் பிடித்துப்போய், ஏழு நிலைக்கும் நான்கெழுத்துப் பெயர் சூட்டினார். முதல் நிலையின் பெயர் 'முதல்' என்று பொருள்படும் எழுத்தில் தொடங்கும்; மற்றவற்றில் நிலையின் எண்ணே பெயரின் முதல் எழுத்து. கீழிருந்து மேலாகத் தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: முதல் நிலம் உறுதி, இரு உண்மை ஒன்றாதல், மும்மை அறிவின் தூய களம், நால்வான மணிவலை, ஐம்முகில் தாங்கும் குடை, ஆறு கடலாமை சுமப்பது, எழுவகை மணியின் எழில்.

படியேறும்போது எத்தனையாவது நிலையில் நிற்கிறோம் என்று குழப்பம் வந்தால் பலகையின் முதல் எழுத்தைப் பாருங்கள். சீன எண்கள் இரண்டு முதல் ஏழு வரை தெரிந்தால் போதும். இரண்டும் மூன்றும் வெறும் இரண்டு, மூன்று கோடுகள்தான்.

பழைய கோபுரம் 50 சாங் உயரம் என்று சொல்கிறார்களே, உண்மையா?

970-இன் கோபுரம் ஒன்பது நிலை, 50 சாங்குக்கு மேல் உயரம் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. ஒரு சாங் சுமார் 3 மீட்டர். அப்படியானால் 150 மீட்டர். இப்போதைய கோபுரத்தைப் போல இரண்டரை மடங்கு. ஒன்பது நிலைதான் என்றால் ஒரு நிலைக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் வரும். நம்புவதற்கில்லை. 'மிக உயரம்' என்பதைச் சொல்லப் பெரிய எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது நிலை என்பதை மட்டும் ஏற்கலாம்.

இப்போதைய வடிவம் கொஞ்சம் பருமனாகத் தெரிகிறதே?

கண் சரியாகத்தான் சொல்கிறது. ஏழு நிலைச் செங்கல் உடலைச் சுற்றிப் பதின்மூன்று அடுக்கு மரத்தைக் கட்டியதால் இறவாணங்கள் நெருங்கிவிட்டன. உயரம் கூடாமல் கனம் கூடியது. சீனக் கட்டடக்கலை வரலாற்றாய்வின் முன்னோடியான லியாங் சிசெங் 1934-இல் வந்து கோபுரத்தை ஆராய்ந்தார். 1900-இன் வெளிப்புறம் சோங் காலச் செங்கல் உடலோடு பொருந்தவில்லை என்பது அவர் முடிவு. செங்கல்லில் எஞ்சிய தடயங்களைக் கொண்டும் சோங் விதிநூலைக் கொண்டும், ஏழு நிலைக்கு ஏழே இறவாணம் என்று பழைய தோற்றத்தை வரைந்து 1935-இல் மீட்புத் திட்டமாக வெளியிட்டார். திட்டம் நிறைவேறவில்லை.

அது நிறைவேறாமல் போனது நல்லதுக்கே என்று நாங்கள் நினைக்கிறோம். லியாங்கின் வரைபடம் அழகு, ஆய்வும் நேர்மையானது. ஆனால் 1900-இன் மரவேலையும் இப்போது வரலாறு. நூறாண்டுக்கு மேலாக ஹாங்சோ மக்கள் பார்த்து வளர்ந்த உருவம் அதுதான். பதின்மூன்று இறவாணத்தைப் பிரித்துவிட்டு ஏழைப் பொருத்தினால் கிடைப்பது சோங் கோபுரமாக இருக்காது. 20-ஆம் நூற்றாண்டுக் கோபுரமாக இருக்கும்.

செங்கல் உடல், மர இறவாணம் கொண்ட கோபுரங்கள் எப்படிப் பழுதாகின்றன?

பெரும்பாலும் இறவாணத்திலிருந்துதான் தொடங்கும். ஓர் ஓடு நழுவினால் மழைநீர் அடியிலுள்ள பலகைக்குப் போகும். பலகையிலிருந்து சட்டத்துக்கு. சட்டத்தின் வேர், செங்கல் சுவருக்குள் செருகியிருக்கும் முனை, காற்றுப் படாத இடம். அங்கே ஈரம் நின்றால் மரம் உள்ளேயே உளுக்கும், வெளியே தெரியாது. ஒருநாள் இறவாணம் தொங்கும். சேஜியாங் மழையும் புழுக்கமும் நிறைந்த பகுதி, கரையானும் உண்டு. எனவே சட்டத்தின் நடுவைத் தட்டிப் பார்த்துவிட்டு 'மரம் திடமாக இருக்கிறது' என்பது போதாது. சுவரோடு சேரும் முனையைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது செங்கல் இடுக்கில் முளைக்கும் செடி. பறவை போட்ட விதை சுண்ணாம்பில் வேர்விட்டால், வேர் பருக்கப் பருக்க இடுக்கு விரியும். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பெரிதான வேரை இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். அறுத்துவிட்டு வேரைச் சாகடித்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே முறை. சிமெண்ட் கூடாது. பழைய செங்கல்லைவிடச் சிமெண்ட் கெட்டி. ஈரத்தை உள்ளே அடைத்துச் செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும்.

தீ மூன்றாவது. அதன் கதையை மேலே சொல்லிவிட்டோம்.

எல்லாவற்றிலும் மோசம் மனிதர் கை. லியூஹேயின் உடன்பிறப்பான லெய்ஃபெங் கோபுரத்தைப் பாருங்கள். அதே மன்னர் சியான் சூ, மேற்கு ஏரிக் கரையில், 970-களில் கட்டியது. அதன் மரமும் மிங் காலக் கொள்ளையர் தீயில் போய், செங்கல் உடல் மட்டும் நின்றது. அந்தச் செங்கல் அதிர்ஷ்டம் தரும், நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் அடிப்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனார்கள். சில செங்கற்களின் துளைக்குள் 975-ஆம் ஆண்டு தேதியிட்ட அச்சுச் சூத்திரச் சுருள்கள் இருந்தன. அடிச்சுவர் அரிக்கப்பட்ட கோபுரம் 1924 செப்டம்பர் 25 அன்று ஒரேயடியாகச் சரிந்தது. இப்போது அங்கே இருப்பது 2002-இல் கட்டிய புதியது.

ஆற்றோரம் இருந்தும் கோபுரம் ஏன் சாயவில்லை?

ஆற்று மணலில் கட்டவில்லை என்பதால். குன்றின் சரிவில் உறுதியான நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முடிவின் அருமை, பக்கத்திலுள்ள சியான்தாங் பாலத்தின் கதையைக் கேட்டால் புரியும். பொறியாளர் மாவ் யிஷெங் 1930-களில் அதைக் கட்டும்போது ஆற்றடியில் சுமார் 40 மீட்டர் வரை நுண்மணல் இருந்தது. நீண்ட மரத்தூண்களை அந்த மணலில் இறக்குவதே பெரும்பாடு. மெதுவாக அடித்தால் இறங்காது, பலமாக அடித்தால் உடையும். கடைசியில் விசையோடு நீரைப் பீய்ச்சி மணலில் குழிசெய்து, அதில் தூணை இறக்கி அடித்தார்கள். 1453 மீட்டர் நீளப் பாலம் 1937 செப்டம்பர் 26 அன்று திறந்தது. ஜப்பானியப் படை நெருங்கியதால் டிசம்பர் 23 அன்று மாவ் யிஷெங் மேற்பார்வையிலேயே தகர்க்கப்பட்டது. போருக்குப் பின் அவரே சீர்செய்தார். கோபுரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பாலம் காலடியில் நீள்கிறது.

இந்த இடத்தில் ஒரு நாவல் பாத்திரம் இறந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். சோங் காலக் கொள்ளைவீரர் 108 பேரைப் பற்றிய புகழ்பெற்ற பழைய சீன நாவலில் லூ சிஷென் என்ற முரட்டுத் துறவி வருகிறார். இங்குள்ள மடத்தில் தங்கிய இரவில் பேரிரைச்சல் கேட்டு, போர்முரசு என்று எண்ணித் தண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அது ஆற்றின் ஓத அலை என்று மற்றத் துறவிகள் சொல்கிறார்கள். அலையோசை கேட்கும்போது உன் காலம் நிறையும் என்று குரு எப்போதோ சொன்னது நினைவுக்கு வருகிறது. குளித்து, அமர்ந்து, அமைதியாக உயிர்விடுகிறார். கற்பனைதான், ஆனாலும் இங்கு வரும் சீனர்கள் பலர் அவரைத் தேடித்தான் வருகிறார்கள்.

போய்ப் பார்க்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வளாகத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு, கோபுரத்தில் ஏறத் தனிச்சீட்டு. ஏறுவதானால் இரண்டையும் வாங்குங்கள். வெளியே மட்டும் பார்த்தால் 1900-ஐ மட்டுமே பார்த்தவர்களாவீர்கள். மின்தூக்கி இல்லை. மழை நாளில் வழுக்காத செருப்பு வேண்டும். முழு உருவமும் படத்தில் அடங்க வேண்டுமானால் குன்றின் அடியிலிருந்து எடுக்காமல் ஆற்றங்கரைக்கோ பாலத்துக்கோ போய் எடுங்கள். வளாகத்திலேயே சீனாவின் பிற புகழ்பெற்ற கோபுரங்களின் சிறு மாதிரிகள் வைத்த தோட்டம் ஒன்றும் உண்டு.

அலையைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஹாய்னிங்கிலுள்ள யான்குவானுக்குப் போக வேண்டும். அலை செங்குத்தாக ஒரே கோடாக வருவது அங்கேதான். ஹாங்சோ நகருக்கு அது பின்னர், தளர்ந்து வந்து சேர்கிறது. தளர்ந்தது என்று நம்பி நீரோரம் இறங்காதீர்கள். கரையில் மோதித் திரும்பும் அலை சுவரைத் தாண்டி ஆளை இழுத்த விபத்துகள் பலமுறை நடந்திருக்கின்றன. எச்சரிக்கைக் கோட்டுக்கு மேலே, கரைச்சுவரின் உள்பக்கம் நில்லுங்கள்.

தமிழ்நாட்டில் சீனக் கோபுரம் ஏதும் இருந்ததா?

14-ஆம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த வாங் தாயுவான் என்ற சீனர், தென்னிந்தியக் கரையில் ஒரு செங்கல் கோபுரத்தைக் குறிப்பிடுகிறார். அதில் சீன எழுத்தில் 'சியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது' என்று இருந்ததாம். அது 1267, லியூஹே நிற்கும் அதே ஹாங்சோவைத் தலைநகராக வைத்துத் தென் சோங் ஆண்ட காலம். அந்த இடம் நாகப்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நாகப்பட்டினத்தின் வடக்கே 'சீனா கோபுரம்' என்று அழைக்கப்பட்ட சதுரமான செங்கல் கட்டடம் ஒன்று மூன்று நிலைகளோடு 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1846-இல் வால்டர் எலியட் அதை நேரில் பார்த்து எழுதிவைத்தார். 1867-இல் இடித்துவிட்டார்கள்.